வாரம் 30 மணி நேரம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எங்கள் பழைய மிஷின்காரர் கடையின் பின்கதவு வழியாக வந்து நின்றார். வேலையை விட்டுப் போன இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எப்போது வந்தாலும் முன்கதவு வழியாக, விருந்தாளி மாதிரிதான் வருவார். அன்றைக்குப் பின்கதவு. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு 30 மணி நேர வேலை ஏதாவது இருக்குமா என்று கேட்டார். சம்பளம் என்ன என்று கேட்கவில்லை. 30 என்ற எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

நானும் என் கணவரும் டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் அச்சுக்கடை வைத்திருக்கிறோம். 2006-ல் ஆரம்பித்தது. பேனர், லேபிள், ரெஸ்டாரன்ட் மெனு, கல்யாணப் பத்திரிகை, தேர்தல் வந்தால் வாசல் புல்தரையில் குத்தி வைக்கும் போர்டு. ஆட்கள் எப்போதும் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில். இந்த அளவுக் கடைக்கு ஊழியர்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று அன்றைக்கும் சட்டம் இல்லை, இன்றைக்கும் இல்லை. தராவிட்டால் நல்ல ஆள் நிற்க மாட்டார், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அரசாங்கம் சம்பளத்தை ஏற்றக் கூடாது என்று கட்டிப்போட்டபோது, கம்பெனிகள் ஆளைப் பிடிக்க இன்சூரன்ஸைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் அமெரிக்காவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மிஷின்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்ததே ஒரு தயிர் டப்பாவால். கடை ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் ஒரு டப்பா மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அதைக் குப்பையில் போடப் போனேன். மிஷினை ஓடவிட்டுவிட்டு அவர் பாய்ந்து வந்தார். உள்ளே இன்சுலின். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். நானும் சொல்லவில்லை.

இது நடந்தது 2009 ஜூலையில். செப்டம்பரில் இன்சூரன்ஸ் ரினியூவல். விலை அதிகம், வேறு கம்பெனி பார்க்கலாம் என்று புரோக்கரிடம் சொன்னதற்கு, ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பக்கம். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, புற்றுநோய் வந்ததுண்டா, இப்போது கர்ப்பமா, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தது எப்போது. ஊழியர் எழுதி, உறையில் போட்டு, ஒட்டித் தர வேண்டும். முதலாளி பிரிக்கக் கூடாது.

மிஷின்காரர் உறையை ஒட்டாமலே என் மேஜைக்கு எடுத்து வந்தார். சர்க்கரைக் கட்டத்தில் டிக் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்போதைய விதி இதுதான்: 1996-ல் வந்த சட்டப்படி சின்னக் கடை என்றாலும் இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கக் கூடாது, குழுவில் ஒருவரை மட்டும் கழற்றிவிடவும் கூடாது. ஆனால் குழுவில் யாருக்கு என்ன நோய் என்று பார்த்து, மொத்தக் கடைக்கும் விலையை ஏற்றிக்கொள்ளலாம். ஆயிரம் பேர் உள்ள கம்பெனியில் ஒருவருடைய சர்க்கரை கடலில் கரைத்த பெருங்காயம். பதினான்கு பேர் உள்ள கடையில் அது எல்லோருடைய சம்பளத்தையும் தொடும்.

பொய் எழுதச் சொல்ல முடியுமா? உள்ளதை எழுதுங்கள் என்றேன். எழுதினார். பிரீமியம் 23 சதவீதம் ஏறியது. அந்த வருடம் யாருக்கும் சம்பள உயர்வு தர முடியவில்லை, காரணமாக இன்சூரன்ஸைத்தான் சொன்னேன்.

நான் செய்த தப்பு அதுதான். சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கிளம்பியது: யாரால் ஏறியது? கவுன்ட்டரில் இருந்த பெண் அப்போது ஐந்து மாதம். எல்லோரும் அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் குழந்தைக்கு என்று டப்பாவில் காசு சேர்த்தபோது இரண்டு பேர் போடவில்லை. மிஷின்காரர் ஒரு நூறு டாலர் நோட்டை மடித்துப் போட்டார். அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை, என் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா மெடிக்கல் இன்சூரன்ஸ் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் முழுக்க நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சு, இனி சின்னக் கடைகள் எல்லாம் மூட வேண்டியதுதான் என்று. சத்தமாகப் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேருடைய கடையில் ஆறு பேர், எட்டுப் பேர்தான். சட்டத்தில் கட்டாயம் என்பது 50 முழுநேர ஆட்களுக்குச் சமமான கணக்கு வந்தால்தான். அதை யாரும் படிக்கவில்லை. சரி, நானும் அப்போது படிக்கவில்லை.

எங்களுக்கு முதலில் கண்ணில் காட்டியது வரிச் சலுகையை. 25 பேருக்குக் கீழே இருந்தால், கட்டிய பிரீமியத்தில் 35 சதவீதம் வரை வரியில் கழியும் என்று நோட்டீஸ் வந்தது. நாங்கள் அந்த வருடம் கடைப் பங்காகக் கட்டியது 40,000 டாலர். 14,000 திரும்பி வரும் என்று வீட்டில் மனக்கோட்டை கட்டிவிட்டோம். எங்கள் கணக்காளர் தமிழ்த் தம்பிதான். "அக்கா, அவசரப்படாதீங்க" என்று பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினார். முழுச் சலுகை பத்துப் பேர் வரைக்கும்தான், சராசரிச் சம்பளமும் 25,000 டாலருக்குள் இருக்க வேண்டும். ஆள் பத்தைத் தாண்டினால் ஒரு வெட்டு. சம்பளம் 25,000-ஐத் தாண்டினால் இன்னொரு வெட்டு. இரண்டு வெட்டையும் கூட்டிக் கழிக்க வேண்டும். எங்களுக்கு 14 பேர், சராசரிச் சம்பளம் 42,000. ஆளுக்காக 3,733 போயிற்று, சம்பளத்துக்காக 9,520 போயிற்று. மீதி 747 டாலர். "இந்த ஃபாரம் போட நான் 400 வாங்கணும்க்கா, பரவாயில்லையா?" என்றார். அன்றைய கணக்குப்படி 18 பேர் வைத்து 40,000 சம்பளம் கொடுப்பவருக்கு இரண்டு வெட்டும் சேர்ந்து சலுகையே இல்லாமல் போய்விடும். 25 பேருக்கு உள்ளே இருந்தும் சைபர். ஆளுக்குச் சுமாரான சம்பளமாவது கொடுக்கிற கடைக்கு இந்தச் சலுகை பெயரளவுக்குத்தான் இருந்தது.

2012-ல் ஒரு வேடிக்கை. சின்னக் குழுக்களிடம் வாங்கும் பிரீமியத்தில் 80 சதவீதத்தையாவது வைத்தியத்துக்குச் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று புதுச் சட்டத்தில் ஒரு விதி. ஆகஸ்டில் எங்களுக்கு 312 டாலருக்கு செக் வந்தது. ஊழியர்கள் கட்டிய பங்கு அவர்களுக்கே போக வேண்டும். அந்தப் பங்கை மட்டும் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது டாலருக்குக் கொஞ்சம் கீழே. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி காசைத் திருப்பிக் கொடுத்து யாருமே பார்த்ததில்லை. ஒருவர் அதைச் செலவழிக்காமல் மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்தார்.

நிஜமான மாற்றம் 2014 ஜனவரி ஒன்றாம் தேதி வந்தது: இனி நோயைப் பார்த்து விலை வைக்கக் கூடாது. அதற்கு முந்தைய அக்டோபரில் புரோக்கர் வந்து, ரினியூவலை டிசம்பருக்கே இழுத்துவிட்டால் பழைய விதியிலேயே இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்றார். இளவட்டமாக, நோய் நொடி இல்லாத ஆட்களை வைத்திருக்கும் கடைகளுக்கு அதுதான் லாபம். பழைய விதியில் அவர்களுக்கு மலிவு, புது விதியில் விலை ஏறும். நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். நான் மிஷின்காரரின் சர்க்கரையை மனதில் வைத்துப் புது விதிக்கே போகலாம் என்றேன்.

புதுத் தாள் வந்தது. ஒரே பக்கம். எல்லோர் பெயரும் வரிசையாக, பக்கத்தில் பிறந்த தேதி, வீட்டு அஞ்சல் எண், குடும்பத்தில் யார் யார், புகையிலைப் பழக்கம் உண்டா இல்லையா. அவ்வளவுதான். நான்கு பக்கக் கேள்வித்தாள் காணாமல் போய்விட்டது. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்தில் நானே உட்கார்ந்து எழுதி முடித்தேன், யாரையும் கூப்பிட்டு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காதது எத்தனையோ இருக்கிறது. ஆனால் என் ஊழியர்களின் மாத்திரைக் கணக்கு என் கடையின் கணக்கில் இல்லாமல் போன அந்த நாளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

யாருக்காகப் புது விதிக்குப் போனேனோ, அவர் மூன்றே மாதத்தில் வேலையை விட்டார்!

அவருக்கு வெகுநாளாகச் சொந்தமாக எம்பிராய்டரி மிஷின் போட ஆசை. தொப்பியில், யூனிஃபார்மில் பெயர் தைத்துக் கொடுக்கும் வேலை. 2014-க்கு முன்னால் அது நடக்கிற காரியமில்லை. இன்சுலின் போடுகிறவர் தனியாக இன்சூரன்ஸ் கேட்டால் கம்பெனிகள் கதவைச் சாத்திவிடும். அப்படி மறுக்கப்பட்டவர்களுக்காக டெக்சஸ் ஒரு தனித் திட்டம் வைத்திருந்தது, விலை மற்றவர்களுக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் ஐம்பது வயது வரை என் கடையிலேயே நின்றார். என் மேல் உள்ள பிரியத்தால் நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பிரியமும் இருந்திருக்கும்.

தனியாக இன்சூரன்ஸ் வாங்குவதற்கான அரசாங்கத்தின் இணையதளம் 2013 அக்டோபரில் திறந்தபோது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். மார்ச்சில் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு நாள் கடை மூடிய பிறகு என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். வயது, எந்தக் கவுன்ட்டி, புகை உண்டா, வருமானம் எவ்வளவு. கடைசிப் பக்கம் வந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். "சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே இல்லையே. நான் ஏதாவது பக்கத்தை விட்டுவிட்டேனா?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு தடவை முதலிலிருந்து போய்ப் பார்த்தார். அடுத்த வாரம் நோட்டீஸ் கொடுத்தார்.

அவர் மாதிரி மிஷினைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிற ஆள் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை. சீர்திருத்தத்தால் சின்னக் கடைக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும், ஏனென்றால் நாங்களும் இன்னொருவர் வேலையை விட்டுத்தான் கடை ஆரம்பித்தோம்.

இதற்கு நேர்மாறாக ஒரு கதையும் உண்டு. எங்கள் டிசைனர் பையன், 2016-ல் சம்பளம் 44,000. மனைவி, இரண்டு குழந்தைகள். அவனுடைய பிரீமியத்தில் 60 சதவீதம் கடை கட்டும், அவன் பங்கு மாதம் 180 டாலர். குழந்தைகளுக்கு அரசாங்கத்தின் மலிவு இன்சூரன்ஸான சிப் திட்டம் கிடைத்தது. மனைவியைச் சேர்க்க மாதம் 430 டாலர் முழுக்க அவன் கையிலிருந்து. முடியாது. சரி, அந்தப் பெண் இணையதளத்தில் மானியத்தோடு வாங்கிக்கொள்ளட்டும் என்று பார்த்தால், தகுதி இல்லை என்று வந்தது. காரணம் நான். அப்போதைய விதிப்படி, கடையின் இன்சூரன்ஸ் 'கட்டுப்படியாகிறது' என்றால் குடும்பத்துக்கு மானியம் கிடையாது. கட்டுப்படியாகிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஊழியர் ஒருவருக்கு மட்டும் ஆகும் செலவு வீட்டு வருமானத்தில் சுமார் 9.5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். குடும்பத்தைச் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்பது கணக்கிலேயே வராது. நான் இன்சூரன்ஸே கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் மானியம் கிடைத்திருக்கும். "கொடுப்பதை நிறுத்திவிடுங்கள் என்று உங்களிடம் எப்படிக் கேட்பது?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். மற்ற பதின்மூன்று பேரை வைத்துக்கொண்டு நான் எப்படி நிறுத்துவது? ஆறு வருடத்துக்கு மேல் அந்தப் பெண் இன்சூரன்ஸ் இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். இந்த விதியை 2023-ல்தான் திருத்தினார்கள். சட்டத்தை எழுதியவர்கள் ஒரே ஒரு கடையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் முதல் வருடமே கண்ணில் பட்டிருக்கும்.

50 பேர் விதியை நான் பார்த்தது என் நாத்தனார் வீட்டில். நாத்தனார் கணவர் நான்கு சாண்ட்விச் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பதினைந்து பேர்தானே, நமக்கு இது பொருந்தாது என்று நிம்மதியாக இருந்தார். ஒரே முதலாளி என்றால் நான்கையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று தெரிந்ததும் தூக்கம் போயிற்று. வாரம் 30 மணி நேரம் வேலை செய்தால் முழுநேர ஆள் என்பது சட்டத்தின் கணக்கு. அதனால் புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் 29 மணி நேரம் என்று அட்டவணை போட்டார். பகுதிநேர ஆட்களின் மணிக்கணக்கையும் கூட்டித்தான் 50 வந்ததா என்று பார்ப்பார்கள் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆனாலும் 29-ஐ மாற்றவில்லை. 29 மணி நேர ஆளுக்கு இன்சூரன்ஸ் தராவிட்டால் அபராதம் இல்லையே. அவர் கடைப் பெண் ஒருத்தி காலையில் அங்கே 29, மாலையில் வேறொரு கடையில் 28. வாரம் 57 மணி நேரம், எந்த இடத்திலும் முழுநேர ஆள் இல்லை. இதைச் சொன்னால் அண்ணனுக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும்.

என் கையும் முழுக்கச் சுத்தமில்லை. நோய் கணக்கிலிருந்து போனதும், அந்த இடத்தில் வயது வந்து உட்கார்ந்துகொண்டது. 21 வயதுக்காரருக்கு ஒரு பங்கு என்றால் 64 வயதுக்காரருக்கு மூன்று பங்கு வரை வாங்கலாம் என்பது விதி. ரினியூவல் தாளில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் விலை அச்சாகி வருகிறது. 2018-ல் கட்டிங் வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஒருவருக்கு 26, இன்னொருவருக்கு 58. இருபத்தாறையே எடுத்தேன். கை சுறுசுறுப்பு என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலை அந்தத் தாள் என் மேஜையில்தான் கிடந்தது.

டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, அதன் கதை உங்களுக்கே தெரியும். எங்களுடையது ஆயிரத்தில் தொடங்கி இப்போது ஐயாயிரத்தில் நிற்கிறது. வருடாந்தரப் பரிசோதனை, தடுப்பூசி, மாமோகிராம் இவற்றுக்குக் கைக்காசு வேண்டாம் என்பது ஒரு ஆறுதல். அதற்கு மேல் ஏதாவது என்றால், கார்டு பையில் இருக்கும், காசு இருக்காது.

சரி, மிஷின்காரரிடம் வருகிறேன். எம்பிராய்டரிக் கடை நன்றாகவே ஓடியது. 2021-ல் இணையதள இன்சூரன்ஸுக்கான மானியத்தை விரித்தபோது, வருமான உச்சவரம்பை எடுத்துவிட்டு, யாராக இருந்தாலும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்று வைத்தார்கள். அந்த ஏற்பாடு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதை நீட்டுவதா வேண்டாமா என்ற சண்டையில்தான் அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் அரசாங்கமே 43 நாள் மூடிக் கிடந்தது. உச்சவரம்பு திரும்பி வந்துவிட்டது, அதைத் தாண்டினால் மானியமே இல்லை. இருவர் உள்ள வீட்டுக்கு 2026-ல் அது 84,600 டாலர். அவரும் மனைவியும் சேர்ந்து சம்பாதிப்பது 88,000. எல்லைக்கு 3,400 டாலர் மேலே. போன வருடம் இருவருக்கும் மாதம் 620 டாலர் கட்டியவருக்கு, இப்போது 2,300 வருகிறது. கோடைக்கு அப்புறம் வரும் ஆர்டர்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வரம்புக்குள் வரலாமே என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவின் 140 தொப்பி ஆர்டரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லையாம்.

அவருக்கு இப்போது 63. 65 வயதில் கிடைக்கும் அரசாங்க இன்சூரன்ஸான மெடிகேருக்கு இன்னும் இரண்டு வருடம். சின்னக் குழுவின் இன்சூரன்ஸில் சேர டெக்சஸில் வாரம் 30 மணி நேர வேலை வேண்டும். அதுதான் அந்த 30.

நானும் என் கணவரும் அன்று ராத்திரி கணக்குப் போட்டோம். அவர் வயதுக்கு மாதம் 1,400 வரும், கடைப் பங்கு 840. வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல், சம்பளம் தனி. மனைவிக்கு உள்ளதை அவரே கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். என் கணவர், 2018-ல் வந்த அந்த 58 வயதுக்காரர் இப்போது எங்கே இருப்பாரோ என்றார். நான் பதில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வரச் சொன்னேன். காலை எட்டிலிருந்து இரண்டு, ஐந்து நாள், சரியாக 30. மத்தியானத்துக்கு மேல் அவருடைய தொப்பிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்சூரன்ஸ் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து. பிறந்த தேதி, அஞ்சல் எண், மனைவி பெயர், புகையிலை இல்லை என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து மிஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மூன்றாவது ரோலரை யார் இந்தக் கதியில் விட்டது என்று பையன்களைத் திட்ட ஆரம்பித்திருந்தார்.